சனிக்கிழமை பத்து மணிக்குப் பிள்ளையை எங்கே கூட்டிப்போவது?

அக்காவும் அத்தானும் பிரிந்திருந்தார்கள். அக்காவிடம் இருந்த மகளை அத்தான் எங்கே வந்து பார்ப்பது என்பதுதான் அன்றைக்குக் கோர்ட்டில் கேள்வி. "சந்திப்பை எங்கே வைத்துக்கொள்ளப்போகிறீர்கள் என்று ரெண்டு தரப்பும் பேசி, அடுத்த வாய்தாவில் சொல்லுங்கள்" என்றார் நீதிபதி. வெளியே வராந்தாவில் வக்கீல் எங்களைப் பார்த்தார். அக்கா என்னைப் பார்த்தாள். அவருக்கு அடுத்த கோர்ட் ஹாலில் இன்னொரு கேஸ் இருந்தது. "கோர்ட்டிலேயே இருக்கட்டும் சார், அதுதான் பாதுகாப்பு" என்று ஐந்து நிமிஷத்தில் சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டோம். அந்த ஐந்து நிமிஷப் பேச்சுதான் அக்கா மகளின் அடுத்த பதினோரு மாதச் சனிக்கிழமைகளைத் தீர்மானித்தது. அப்போது அவளுக்கு நாலு வயசு. தாய்மாமன் என்ற முறையில் பெரும்பாலும் அவளைக் கூட்டிப்போய்க் கூட்டிவந்தவன் நான். இன்றைக்கு அதே மாதிரி ஒரு வராந்தாவில் நிற்கிற குடும்பங்களுக்கு, அன்று எங்களுக்குத் தெரியாமல் போனதைச் சொல்ல வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன்.

முதலில் சட்டம் எங்கே நிற்கிறது என்று பார்த்துவிடலாம். பிரிந்திருக்கும் அப்பாவோ அம்மாவோ மூன்றாம் ஆள் ஒருவர் முன்னால் பிள்ளையைச் சந்திப்பதற்கென்று நம் நாட்டில் தனிச் சட்டம் கிடையாது. வக்கீல்கள் 'கார்டியன்ஸ் அண்ட் வார்ட்ஸ் ஆக்ட்' என்று சொல்கிற 1890-ஆம் வருஷச் சட்டம் எல்லா மதத்தவருக்கும் பொருந்தும். இந்து திருமணச் சட்டத்தில் 26-ஆவது பிரிவு இருக்கிறது. இவற்றின் கீழ், பிள்ளையின் நலன் எதுவோ அதைப் பார்த்து நீதிபதி ஏற்பாடு செய்கிறார். இடம், நேரம், யார் கூட இருப்பது என்று எல்லாமே வழக்குக்கு வழக்கு மாறும். அதனால்தான் இரண்டு தரப்பும் என்ன கேட்கிறார்கள் என்பதற்கு இவ்வளவு கனம். அடி உதை உள்ள வீடுகளுக்கு 2005-ஆம் வருஷக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் 21-ஆவது பிரிவை மறக்கக்கூடாது. பிள்ளையைத் தற்காலிகமாகத் தாயிடம் ஒப்படைத்து, எதிர்த் தரப்பு வந்து பார்ப்பதற்கு மாஜிஸ்திரேட் ஏற்பாடு செய்யலாம். அந்தச் சந்திப்பு பிள்ளைக்குக் கெடுதல் என்று அவருக்குப் பட்டால் மறுத்துவிட வேண்டும் என்றே அந்தப் பிரிவு சொல்கிறது.

இடங்களை ஒப்பிடுவதற்கு முன்னால் உங்களை நீங்களே கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. உங்களுக்கு என்ன பயம்? அடிப்பார், தொடக்கூடாத விதத்தில் தொடுவார் என்பது ஒரு பயம். தூக்கிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விடுவார் என்பது வேறு. அம்மாவைப் பற்றிப் பிள்ளை காதில் தப்பாக ஓதுவார் என்பது இன்னொன்று. பிள்ளைக்கு அவரை அடையாளமே தெரியாது, பார்த்ததும் அழும் என்கிற கவலை இது எதிலும் சேராது. எங்கள் வீட்டில் நிஜமாக இருந்தவை கடைசி இரண்டும்தான். நாங்கள் கேட்டதோ முதல் பயத்துக்கான ஏற்பாடு. கோபத்தில் இருந்தோம், அந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியவில்லை.

சரி, நீதிமன்றத்திலேயே சந்திப்பது. சென்னையில் உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் குடும்ப நல நீதிமன்றத்தில் இதற்கென்றே ஒரு குழந்தைகள் மையம் உண்டு. உத்தரவுகளில் அந்தப் பெயர் அடிக்கடி வரும். மாவட்டங்களில் வசதி ஊருக்கு ஊர் மாறும். நாங்கள் போனது ஓர் அறைதான். சுவரில் முயல், யானைப் படங்கள், படி ஒன்று உடைந்த பிளாஸ்டிக் சறுக்கு, ஒரு மூலையில் மேசையும் பதிவேடும். ஒரே நேரத்தில் நாலைந்து குடும்பங்கள் இருக்கும். ஒரு பிள்ளை சிரிக்கும், பக்கத்திலேயே இன்னொன்று கதவைப் பிடித்துக்கொண்டு அழும். அந்த அழுகை எல்லாப் பிள்ளைகளுக்கும் தொற்றிக்கொள்ளும்.

முதல் சனிக்கிழமை அத்தான் ஒரு ஜோடி ஷூ வாங்கி வந்திருந்தார், ரோஸ் கலர், நடந்தால் லைட் எரியும். தரையில் உட்கார்ந்து அவள் காலில் மாட்டப் பார்த்தார். குதிகால் உள்ளே போகவில்லை. பெரிய விரலை மடக்கிப் பார்த்தார், பின்பக்கத்தைத் தளர்த்திப் பார்த்தார். ஒன்றேகால் வருஷத்துக்கு முன்னால் அவர் கடைசியாக வாங்கிய அளவு அது. அவள் ஒன்றும் சொல்லாமல் காலை இழுத்துக்கொண்டு என் பின்னால் வந்து நின்றாள். அவரிடம் எனக்கு இருந்த கோபத்தில் பாதி அந்த இடத்தில் போனது. அடுத்த வாரம் அவள் பாதத்தை நியூஸ்பேப்பரில் வைத்துப் பென்சிலால் வரைந்து, மடித்து எடுத்துப்போய் அவர் கையில் கொடுத்தேன்.

மையத்தின் பெரிய பலம் பதிவேடு. யார் எத்தனை மணிக்கு வந்தார்கள், யார் வரவில்லை என்பது கையெழுத்தோடு இருக்கும். 'நான் போனேன், அவள் பிள்ளையைக் கொண்டுவரவில்லை', 'நான் காத்திருந்தேன், அவர் வரவே இல்லை' என்று பிறகு கோர்ட்டில் மாறி மாறிச் சொல்ல வேண்டியிருக்காது. எதிர்த் தரப்பு வராவிட்டாலும் கையெழுத்துப் போட்டுவிட்டு, குறித்த நேரம் முடியும் வரை இருந்துவிட்டு வாருங்கள். வாசலில் போலீஸ் நடமாட்டம் இருக்கும். அதனால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடுவது அங்கே சுலபமில்லை. அடி, தொந்தரவு, குடி என்று நிஜமான பயம் இருக்கிற குடும்பம் இந்த இடத்தைத் தவிர வேறு எதையும் யோசிக்கவே வேண்டாம். பூங்கா, மால், சொந்தக்காரர் வீடு என்று யார் எவ்வளவு நயமாகப் பேசினாலும் சரி.

மற்றவர்களுக்கு அது ஆரம்ப இடமாக மட்டும் இருந்தால் போதும். மூன்று மணி நேரம் அந்த ஓர் அறைக்குள் ஒரு அப்பாவும் பிள்ளையும் என்ன செய்வார்கள்? நாலாவது வாரத்தில் எங்கள் பாப்பாவுக்குச் சறுக்கு சலித்துவிட்டது. ஆறாவது வாரம் கிளம்பும்போதே "கோர்ட்டுக்கு வரல மாமா" என்றாள். அப்பாவைப் பார்க்க வரமாட்டேன் என்று அவள் சொல்லவே இல்லை. ஆனால் அந்தச் சொல்லைப் பெரியவர்கள் வேறு மாதிரி எடுத்துக்கொள்வார்கள். பிள்ளைக்கே விருப்பமில்லை என்று ஒரு மனு தயாராகிவிடும். நாங்களும் அந்த விளிம்பு வரைக்கும் போனோம்.

அடுத்தது பொது இடம். இதற்கு எங்கள் பக்கத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தில் ஒரு தமிழ்நாட்டு வழக்கு தீர்ப்பானது. குழந்தைக்கு இரண்டு வயசு, தாயுடன் மதுரையில் இருந்தது. தந்தை ஞாயிறுதோறும் கரூரில் சந்திக்கலாம் என்று அதற்கு முன் உத்தரவு இருந்தது. போய்வர ஏறக்குறைய 300 கிலோமீட்டர். அவ்வளவு சின்னப் பிள்ளையை வாராவாரம் அப்படி அலைக்கழிக்கக்கூடாது என்று சொல்லி, சந்திப்பை மதுரைக்கே மாற்றினார்கள். ஞாயிறு காலை பத்து முதல் இரண்டு வரை, பூங்காவிலோ கோவில் வளாகத்திலோ சந்திக்கலாம், தாய் கூடவே வந்து பத்தடி தள்ளி இருக்கலாம் என்பது ஏற்பாடு. பயணச் சிரமத்தைப் பெரியவர்கள் படட்டும், பிள்ளை படக்கூடாது என்பதை உங்கள் மனுவிலும் கேளுங்கள். பிள்ளை இருக்கும் ஊரிலேயே சந்திப்பு இருக்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை.

அந்தப் பத்தடி தூரத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பன்னிரண்டாவது மாதம் நாங்களும் பூங்காவுக்கு மாறினோம். பத்தடி தள்ளி, பெஞ்சில் நான். அங்கிருந்து பார்த்தால் எல்லாம் தெரியும், மெல்லப் பேசினால் கேட்காது. கண்காணிப்புக்கு அது நல்ல தூரம்தான். ஆனால் உட்காருகிறவர் யார் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. இரண்டாவது வாரம் நான் செல்போனில் வீடியோ எடுத்தேன். பின்னால் கேஸுக்கு உதவும் என்று ஒருவர் சொன்னதைக் கேட்டுச் செய்தது. மண்ணில் அப்பாவோடு பாலம் கட்டிக்கொண்டிருந்தவள் போனைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். அப்புறம் அன்றைக்கு விளையாடவே இல்லை. "திருடனப் பாக்கிற மாதிரி பாக்கிறீங்களே, மாப்ள" என்றார் அத்தான். குரலை உயர்த்தவில்லை. அன்றோடு போனைப் பையில் போட்டுவிட்டேன். புத்தகம் கொண்டுபோனேன், நிமிர்ந்து பார்ப்பேன், மறுபடி படிப்பேன். பக்கத்தில் இருக்கிற ஆள் நிதானமாக இருக்கிறாரா என்பதைப் பிள்ளை மோப்பம் பிடித்துவிடும். கோபம் ஆறாதவர் அந்த பெஞ்சில் உட்காரக்கூடாது. பல குடும்பங்களில் அம்மாவே உட்காருவதைவிடச் சித்தி, பெரியப்பா மாதிரி ஒருவர் உட்காருவது இரண்டு பக்கத்துக்கும் நல்லது.

பூங்காவுக்குச் சில நடைமுறைச் சிக்கல்கள் உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் பாதிச் சனிக்கிழமை போய்விடும். மழை பெய்தால் எங்கே என்பதையும் முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். பெண் பிள்ளையாக இருந்து, அப்பா சந்திக்க வருகிறார் என்றால் பாத்ரூமுக்கு யார் கூட்டிப்போவது? எங்களுக்கு முதல் நாளே இந்தப் பிரச்சினை வந்தது. ஆண்கள் பக்கம் அவரும் கூட்டிப்போக முடியாது, பெண்கள் பக்கம் நானும் போக முடியாது. பூ விற்கிற ஒரு அம்மாதான் உதவினார்கள். அதிலிருந்து என் மனைவியும் வர ஆரம்பித்தாள். தூக்கிப் போய்விடுவார் என்ற பயம் இருந்தால் நாலு வாசல் உள்ள பூங்கா வேண்டாம்.

ஷாப்பிங் மால் வேண்டும் என்றும் பலர் கேட்கிறார்கள். ஏசி இருக்கும், பாத்ரூம் இருக்கும், கேமரா இருக்கும், மழைக்குக் கவலை இல்லை. ஆனால் அங்கே மூன்று மணி நேரம் என்றால் விளையாட்டுக் கூடம், சாப்பாடு, பொம்மை என்று கை கரைந்துகொண்டே இருக்கும். சம்பளம் குறைவான அப்பாவுக்கு அது வாராவாரம் ஒரு தண்டனை. பிள்ளைக்கும் அப்பா என்றால் வாங்கிக்கொடுக்கிற ஆள் என்றே பதிந்துவிடும். கோவில் பிரகாரம் அதைவிட எனக்குப் பிடிக்கும். தூண் எண்ணலாம், யானை பார்க்கலாம், பிரசாதம் வாங்கி உட்காரலாம். சொந்த ஊர்க் கோவிலைத் தவிர்த்துவிடுங்கள். தெரிந்தவர்கள் பிள்ளையை நிறுத்தி "அம்மா வரலையா?" என்று கேட்பார்கள்.

வீட்டில் சந்திப்பது மூன்றாவது வழி. இதில் இரண்டு விதம் இருக்கிறது, இரண்டையும் குழப்பிக்கொள்ளக்கூடாது. பிள்ளை இருக்கும் வீட்டுக்கே மற்றவர் வருவது ஒன்று. 2022-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் தனி நீதிபதி ஒருவர் அப்படி உத்தரவிட்டு, வருகிறவரை விருந்தாளியாக நடத்த வேண்டும், 'அதிதி தேவோ பவ' என்றும் எழுதினார். படித்தபோது எனக்கு மனசு நெகிழ்ந்தது. அந்த உத்தரவைப் பிறகு இரு நீதிபதிகள் அமர்வு ரத்து செய்துவிட்டது. நெகிழ்ச்சியைத் தள்ளிவைத்து யோசித்தால், விருந்தோம்பலைக் கோர்ட் உத்தரவால் கொண்டுவர முடியாது என்றுதான் எனக்கும் படுகிறது. அடி வாங்கிய பெண்ணின் வீட்டுக் கதவை வாராவாரம் திறக்கச் சொல்வது அவளுக்குச் செய்கிற கொடுமை.

இரண்டு பக்கமும் நம்புகிற மூன்றாவது ஒருவரின் வீடு இரண்டாவது விதம். பிள்ளையின் அத்தை, பெரியம்மா, பழைய டீச்சர் என்று யாராவது. அப்படி ஓர் ஆள் கிடைத்தால் இதைவிடச் சிறந்த வழி இல்லை என்பேன். பிள்ளை அங்கே தூங்கலாம், தோசை ஊற்றுவதைப் பார்க்கலாம், அப்பா தலை பின்னிவிடலாம். சாதாரணமாக இருக்க இடம் வேண்டும், இல்லையா? ஆனால் 'நம்புகிற' என்ற சொல் உண்மையாக இருக்க வேண்டும். அப்பாவோடு சேர்த்து ஆத்தா, சித்தப்பா என்று எட்டுப் பேர் கூடி, பிள்ளையைக் கட்டிக்கொண்டு அழுதால் அது மிரண்டுபோகும். முதல் சில மாதம் யார் யார் இருக்கலாம் என்பதைப் பெயர் சொல்லி உத்தரவில் எழுதிக்கொள்வது நல்லது.

அட்வகேட் கமிஷனரை நியமிக்கச் சொல்வதும் உண்டு. நீதிமன்றம் ஒரு வக்கீலை நியமிக்கும், அவர் சந்திப்பின்போது இருந்து அறிக்கை கொடுப்பார். அவருக்கான கட்டணத்தைக் கோர்ட் நிர்ணயிக்கும், தரப்பினர் கட்ட வேண்டும். இரண்டு பக்கமும் ஒருவர்மேல் ஒருவர் பழி சொல்லிக்கொண்டே இருக்கும்போது மூன்று நாலு முறைக்கு இது பயன்படும். வாராவாரம் என்றால் கட்டுப்படியாகாது. அதோடு, பிள்ளைக்கு அவர் முழுக்க அந்நியர். அதைவிட நீதிமன்றக் கவுன்சலரைக் கேட்கலாம். மனநல, சமூக நல வல்லுநர்களின் உதவியைப் பெற 1984-ஆம் வருஷக் குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் 12-ஆவது பிரிவு இடம் கொடுக்கிறது. ரொம்ப நாள் பிரிவுக்குப் பிறகு நடக்கும் முதல் சந்திப்புக்கு அவர் பக்கத்தில் இருப்பது பெரிய ஆறுதல்.

வீடியோ காலை யாரும் குறைவாக நினைக்க வேண்டாம். பிள்ளையைக் கையில் வைத்திருக்காத பெற்றோர் தினமும் ஐந்து, பத்து நிமிஷமாவது பிள்ளையோடு பேச வழி இருக்க வேண்டும் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வெளிநாட்டில் இருப்பவருக்குப் பெரும்பாலும் இருக்கும் ஒரே வழியும் அதுதான். நாலு வயசுப் பிள்ளை முதல் நிமிஷம் முகத்தைக் காட்டும், அப்புறம் நாலு நிமிஷம் மின்விசிறியைக் காட்டும். அதுவும் பேச்சுதான். ஆனால் நேரில் சந்திப்பதற்குப் பதிலாக இதை வைத்துக்கொள்ளலாம் என்று எதிர்த் தரப்பு சொன்னால், ஒரே ஊரில் இருக்கிறவர்கள் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

மறுபடி அந்த வராந்தாவில் நின்றால் அக்காவிடம் என்ன சொல்வேன்? மையத்தில் ஆறு வாரம். அது முடிந்ததும் பிரச்சினை இல்லாவிட்டால் பிள்ளை இருக்கும் ஊரிலேயே பூங்கா அல்லது கோவில். ஆறு மாதம் கழித்து அத்தை வீட்டில் அரை நாள். இந்தப் படிகளை முதல் மெமோவிலேயே, அதாவது கோர்ட்டுக்கு எழுதிக் கொடுக்கும் குறிப்பிலேயே, எழுதிக் கேட்போம் என்பேன். எதுவும் கல்லில் எழுதுவது கிடையாது. பிள்ளையைப் பற்றிய உத்தரவுகளை நிலைமைக்குத் தகுந்தபடி மாற்றலாம் என்று 1973-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் மாற்றச் சொல்லித் தனி மனுப் போட்டு, பதில் மனு வந்து, வாய்தா விழுந்து முடிவதற்குள் பிள்ளைக்கு ஒரு வயசு கூடிவிடும். எங்களுக்கு ஆறு வாரத்தில் நடந்திருக்க வேண்டியது பதினோரு மாதம் இழுத்தது அப்படித்தான்.

மெமோவில் 'சனிக்கிழமை சந்திக்கலாம்' என்ற ஒற்றை வரியை மட்டும் ஏற்காதீர்கள். எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, யார் கொண்டுவிடுவது, யார் பக்கத்தில் இருப்பது, அவருக்கு முடியாவிட்டால் மாற்று ஆள் யார், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் எத்தனை மணிக்குள் எப்படித் தெரிவிப்பது, தவறிய நாளுக்கு ஈடு எந்த நாள் என்பதெல்லாம் இருக்க வேண்டும். காய்ச்சல் என்றால் டாக்டர் சீட்டை வைத்துக்கொள்ளுங்கள். ஜீவனாம்சம் வரவில்லை என்பதற்காகப் பிள்ளையைக் காட்டாமல் இருக்காதீர்கள். அது தனி வழக்கு, இது தனி. பிள்ளையைக் காட்டவில்லை என்று ஜீவனாம்சத்தை நிறுத்துகிறவருக்கும் இதேதான். மெமோவில் எழுத முடியாதது ஒன்று உண்டு, அதை வீட்டில் பேசிக்கொள்ள வேண்டும். திரும்பி வரும் பஸ்ஸில் "அப்பா என்ன சொன்னார்?" என்று கேட்காதீர்கள். நாங்கள் கேட்ட காலத்தில் அவள் எங்களுக்குப் பிடித்த பதிலைச் சொல்லப் பழகிவிட்டாள். கேட்பதை நிறுத்தி இரண்டு மாதம் கழித்துத்தான், பாலம் இடிந்துவிட்டது, அடுத்த வாரம் அப்பா வாளி கொண்டுவருவார் என்று தானாகவே சொன்னாள்.

பண்டிகை, பிறந்தநாள், பள்ளிக்கூட ஆண்டு விழா ஆகியவற்றையும் அதே மெமோவில் சேர்த்துவிடுங்கள். எங்கள் உத்தரவில் சனிக்கிழமை தவிர வேறு நாளே இல்லை. அந்த வருஷப் பொங்கல் சனிக்கிழமையில் வரவில்லை. பாப்பாவோடு பொங்கலுக்கு இரண்டு மணி நேரம் இருக்க அத்தான் மனுப் போட்டார். அக்காவுக்கும் மறுப்பு இல்லை. வாய்தா விழுந்தது தை 9-ஆம் தேதி. அவர் வாங்கி வைத்திருந்த கரும்பை அதற்கு முந்தைய சனிக்கிழமை பூங்காவுக்குக் கொண்டுவந்தார், பாதி காய்ந்திருந்தது. மூன்று பேரும் பெஞ்சில் உட்கார்ந்து கடித்தோம். நான் அன்றைக்குப் பத்தடி தள்ளி இல்லை.